இடது கால் பூட்ஸ்

தலையில அடிபட்ட பிள்ளைக்கு எண்ணெய் தடவித் திரும்ப ஆட அனுப்பக் கூடாதுன்னு எனக்கு முதல்ல சொன்னது ஹேமலதா டீச்சர். போன வருஷம், ஈஸ்டர் கழிஞ்ச மூணாவது ஞாயித்துக்கிழமை, ரெண்டாம் பூசை முடிஞ்சு, வலை பின்னுற எங்க ஊர் வலைக்கூடத்துல வச்சுச் சொன்னாங்க. அதுவரைக்கும் என் அம்பத்தெட்டு வயசுல ஒருத்தரும் எனக்கு அதைச் சொன்னதில்லை தம்பி. உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அதுல உங்க தப்பு ஒண்ணுமில்லை.

உக்காருங்க. அந்த நாற்காலியில வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இங்க என் பக்கத்துல உக்காருங்க, பூவரச நிழல் இருக்கு. உங்க பையன் நல்லாத்தான் இருக்கான். பேர் என்ன சொன்னான், பரிதி. எய்யா பரிதி, அந்த ஐஸ் துணியை அமுக்காத. சும்மா வச்சிரு. கண்ணு கூசுதா? கூசினா மூடிக்கோ, தூங்க வேண்டாம்.

மடத்து ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா இப்பதான் வந்து பார்த்துட்டுப் போனாங்க. சீட்டுல எழுதியும் கொடுத்திருக்காங்க, இந்தா. இன்னைக்கு ஆட்டம் கிடையாது. ரெண்டு நாள் வீட்டுல கண்ணுல வச்சுப் பார்த்துக்கிடணும். அவ்வளவுதான்.

பூட்ஸா? இடது கால் பூட்ஸ் என் பைக்குள்ள இருக்கு. செபமாலைக்குக் கீழே. தரமாட்டேன்னு நான் சொல்லலை. உங்க பொருள்தானே. இன்னும் பதினஞ்சு நிமிஷ ஆட்டம் இருக்கு, அது முடிஞ்சதும் எடுத்துத் தந்திருவேன். நீங்க கோபமா இருக்கீங்க, அது எனக்குத் தெரியுது. நானும் பெத்தவதான். என்னைப் பார்த்தா பிடிவாதக்காரி மாதிரி தெரியலாம். எங்க வீட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, எனக்குப் பிடிவாதமே கிடையாது.

எனக்கு மூணு பிள்ளைக. மூத்தவன் டெல்வின் சரக்குக் கப்பல்ல இருக்கான். நடுவுல உள்ளவ கோயம்புத்தூர்ல நர்ஸ். கடைக்குட்டிக்கும் கல்யாணம் ஆகியாச்சு. பிறகு இந்த வயசுல உனக்கு எதுக்கு விசில்னு கேட்டாங்க. நீங்களும் மனசுல கேட்டுக்கிட்டுத்தான் இருப்பீங்க.

பயிற்சிக்கு முந்தின வருஷம் இந்த மைதானத்துல கோல் போஸ்ட் சாஞ்சு ஒரு பையனுக்குத் தோள் எலும்பு முறிஞ்சு போச்சு. சும்மா மணல்ல ஊன்றி வச்சிருந்த கம்பு. அவன் அதுல தொங்கி ஆடியிருக்கான். அதுக்குப் பிறகு போட்டி நடத்துறவங்க கறாரா சொல்லிட்டாங்க, பயிற்சி எடுத்த பெரியவங்க இல்லாம எந்த ஊரும் சின்னப் பிள்ளைகளைக் களத்துல இறக்கக் கூடாதுன்னு. எங்க பங்குச் சாமியார் பீடத்துல நின்னு அறிவிச்சார், பெற்றோர்கள் எல்லாரும் ஞாயித்துக்கிழமை வலைக்கூடத்துக்கு வரணும்னு. எல்லாரும்னார். பெத்தது வளர்ந்துட்டா நாம பெத்தவங்க இல்லைன்னு ஆயிருமா? பீடத்துல இருந்து ஒரு வார்த்தை வந்தா நான் மறுக்கிறவ இல்லை. போனேன். பதிமூணு ஆம்பிளைங்க, நான் ஒருத்தி. எட்டாம் வகுப்புக்குப் பிறகு அன்னைக்குத்தான் நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டு உக்காந்தேன்.

ஹேமலதா டீச்சர் மதுரைக்காரங்க. சின்ன வயசு, முடியைக் கழுத்தோட வெட்டியிருந்தாங்க, பார்த்தா யாரோ வீட்டுப் பையன் மாதிரி இருந்தது. எங்க ஆளுங்க எல்லாம் கோல் போடுற வித்தை சொல்லித் தருவாங்கன்னு வந்தவங்க. அவங்க முதல்ல கேட்டது, மைதானத்துல பிள்ளைகளை இறக்குறதுக்கு முன்னால நீங்க என்ன பார்ப்பீங்கன்னு.

"எதிர் டீம்ல எவன் பெரியவன்னு பார்ப்போம்," அப்படின்னார் ரெமிஜியூஸ்.

ரெமிஜியூஸ் எங்க ஊர்ல ரெண்டு விசைப்படகு வச்சிருக்கிறவர். அன்னைக்கு ஊர்க் கமிட்டித் தலைவரும் அவர்தான். அவர் மக ரெனிஷா. பதினோரு வயசு, பையன்களோட சேர்ந்து ஆடி பையன்களையே தாண்டிப் போற பிள்ளை. அவரை விட்டா எங்க ஊர்ல பந்தைப் பத்திப் பேச வேற யாருக்கும் வாய் கிடையாது.

டீச்சர் சிரிக்கலை. கூட்டிட்டுப் போய் இந்த மைதானத்தை நடந்து பார்க்கச் சொன்னாங்க, குனிஞ்சு, ஒரு கோட்டுல வரிசையா. நடந்தோம். ஒரு கூடை நிறையச் சேர்ந்தது தம்பி. பாட்டில் ஓடு, தூண்டில் முள், கம்பி, சிப்பி, ஒரு பழைய சாவிக்கொத்து. சாவிக்கொத்து ரெமிஜியூஸோடது. ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டிருந்தாராம்.

பிறகு கோல் போஸ்டுக்குக் கனமான ஏதாவது கட்டி நிறுத்தணும்னாங்க, தள்ளினாலும் சாயாதபடிக்கு. அதைச் சொல்லிட்டு அவங்க டீ குடிக்கப் போனாங்க. திரும்பி வந்து பார்த்தா எங்க ஆளுங்க நாலு நங்கூரத்தைக் கொண்டுவந்து, மணலைத் தோண்டி, உள்ளே இறக்கி, கயித்தால கட்டி முடிச்சிருந்தாங்க. கடல்ல புயலுக்குக் கட்டுற கட்டு. டீச்சர் போஸ்டைப் பிடிச்சுத் தள்ளிப் பார்த்தாங்க. அசையலை. "ரொம்ப நல்லா இருக்கு," அப்படின்னாங்க. அவங்க வாயில இருந்து அன்னைக்கு எங்களுக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு அதுதான். அடுத்த மாசம் ஒரு கல்யாணப் பந்தல் போடணும்னு போஸ்டைப் பிடுங்கப் பார்த்தாங்க, முடியலை. மாப்பிள்ளையும் பொண்ணும் கோல் போஸ்டுக்கு உள்ளேயே நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. இப்பவும் அதேதான், அங்க பாருங்க, அந்தக் கம்பு ரெண்டும்.

உக்காருங்க தம்பி, எழுந்திரிக்காதீங்க. கோல் இல்லை அது, வெளியே போயிருச்சு.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை டீச்சர் ஒரு வேலை செஞ்சாங்க. எங்களை எல்லாம் மைதானத்துல இறக்கி ஆட விட்டாங்க. பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினாங்க. "உங்க அப்பா அம்மா உங்களை என்னென்ன சொல்லிக் கத்துவாங்களோ, அதையெல்லாம் இப்ப நீங்க அவங்களைப் பார்த்துக் கத்துங்க," அப்படின்னாங்க.

பிள்ளைகளுக்கு முதல்ல கூச்சம். ஒரு நிமிஷம்தான். பிறகு பிடிச்சாங்களே. "ஏலே சோத்து மாடு, ஓடுலே." "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" "உனக்கு வாங்கின பூட்ஸை எருமைக்கு மாட்டியிருக்கலாம்." அப்படியே அப்பன்மார் குரல். ரெனிஷா கைலியை மடிச்சுக் கட்டுற மாதிரி இடுப்புல கை வச்சு நின்னு, "வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு," அப்படின்னா. ரெமிஜியூஸ் ஓடிக்கிட்டிருந்தவர் நின்னுட்டார். பந்து அவர் காலுக்கு நடுவுல போச்சு, அவர் அதைப் பார்க்கவே இல்லை.

என்னைப் பார்த்து யாரும் எதுவும் கத்தலை. நான் எந்தப் பிள்ளையையும் சத்தம் போட்டவ இல்லையே. சும்மா எல்லாப் பிள்ளைகளும் கையைக் கூப்பி, "அந்தோணியாரே, இந்தப் பிள்ளைக்குக் காலைக் கொடும், மாதாவே, அந்தப் பிள்ளைக்குக் கண்ணை மறையும்," அப்படின்னு ராகம் போட்டாங்க. சாமியார் சிரிச்சுக்கிட்டே முகத்தைத் திருப்பிக்கிட்டார். எதுக்குன்னு எனக்குப் புரியலை. செபத்தைத்தானே சொன்னாங்க. ஆட்டம் நடக்கும்போது நான் செபம் பண்ணுறது உண்டு. கொஞ்சம் சத்தமா இருக்கும், கடல் காத்துல அந்தோணியாருக்குக் கேக்கணுமே.

இப்ப விஷயத்துக்கு வாறேன். மூணாவது ஞாயித்துக்கிழமைதான் தலையடி.

அன்னைக்கு டீச்சர் சாக்பீஸ் எடுத்துப் பலகையில எழுதினாங்க. பன்னிரண்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பந்தைத் தலையால முட்டப் பழக்கக் கூடாது. தலையில அடிபட்டா உடனே வெளியே கூப்பிட்டுரணும். சந்தேகமா இருந்தாலும் கூப்பிட்டுரணும். அன்னைக்குத் திரும்ப அனுப்பவே கூடாது, பிள்ளை நல்லா இருக்கேன்னு சொன்னாலும். மயங்கி விழணும்னு இல்லை. தலை சுத்தும், வாந்தி வரும், வெளிச்சம் கூசும், கேட்டதையே திரும்பக் கேக்கும், நடந்தது நினைவுல இருக்காது. சில பிள்ளைக்கு மாசக்கணக்குல தலைவலி இருக்கும், படிப்புல மனசு நிக்காது.

நடந்தது நினைவுல இருக்காதுன்னதும் எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. நான் கையைத் தூக்கினேன். வகுப்புல நான் அதுவரைக்கும் கையே தூக்கினதில்லை.

"எங்க டெல்வின் கதை ஒண்ணு இருக்கு டீச்சர்," அப்படின்னேன்.

எங்க ஊர் ஆளுங்களுக்கு அது தெரியும். எங்க வீட்டுக் கதை அது. டெல்வினுக்கு அப்ப பதிமூணு வயசு. திருவிழாப் போட்டி, கடைசி ஆட்டம். ஒருத்தன் முழங்கை இவன் நெத்திப்பொட்டுல பட்டுக் கீழே விழுந்துட்டான். நான் ஓடிப்போய் அந்தோணியார் கோவில் எண்ணெயை ஊத்தி நல்லா அரக்கித் தேய்ச்சேன். ஒரு பரலோக மந்திரம், மூணு அருள் நிறைந்த மந்திரம். முதுகுல தட்டி, எழுந்து போ மக்கான்னு அனுப்பிட்டேன். போனான். போய்க் கோல் போட்டான். அந்தக் கோல்லதான் எங்க ஊர் ஜெயிச்சது. தோள்ல தூக்கிக்கிட்டு ஊர் சுத்தினாங்க. வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தவன், ரெண்டு வாய் வச்சிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "யம்மா, யாரு ஜெயிச்சா?"

வீடே சிரிச்சுது. அவங்கப்பா சோத்துக் கையோட சிரிச்சுப் புரையேறிப் போனார். கோல் போட்ட சந்தோஷத்துல கோல் போட்டதையே மறந்துட்டான் பாருன்னு. அவன் நிச்சயதார்த்தத்துல சொன்னோம், கல்யாணத்துல சொன்னோம். எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பாங்க.

அன்னைக்கு வலைக்கூடத்துல யாரும் சிரிக்கலை. பலகையில டீச்சர் எழுதினது அப்படியே இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தாங்க, பிறகு என்னைப் பார்த்தாங்க. ரெமிஜியூஸ் கூடக் குனிஞ்சு மணலைக் கிண்டிக்கிட்டிருந்தார்.

டீச்சர் மெதுவாக் கேட்டாங்க, "அதுக்குப் பிறகு எப்படி இருந்தார்?"

"நல்லாத்தான் இருந்தான்," அப்படின்னேன். "கொஞ்ச நாள் தலைவலி இருந்தது, கண்ணாடி போட்டோம், ஒரு வருஷத்துல சரியாயிருச்சு. பிறகு பந்துல அவனுக்கு இஷ்டம் விட்டுப் போச்சு. படிப்பும் அந்த வருஷம் கொஞ்சம் மட்டம்."

டீச்சர் என் பக்கத்துல வந்து உக்காந்து, என் நோட்டுல நான் எழுதாம விட்டிருந்ததை அவங்களே எழுதிக் கொடுத்தாங்க.

டெல்வின் கப்பல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த அன்னைக்குப் போன் பண்ணினான். சாப்பிட்டியா, கடல் எப்படின்னு எல்லாம் கேட்டுட்டு, "லே, உனக்கு அந்தக் கோல் ஞாபகம் இருக்கா?" அப்படின்னு கேட்டேன்.

"நீங்க சொல்லிச் சொல்லி ஞாபகம்மா," அப்படின்னான்.

"அது இல்லை. நீயா. உனக்கா ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா. எண்ணெய் கண்ணுல இறங்கி எரிஞ்சது ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணுமில்லை. ஏம்மா?"

"சும்மாதான்," அப்படின்னேன். அந்தக் கதையை நான் இப்ப யார்கிட்டயும் சொல்லுறதில்லை. உங்ககிட்ட சொன்னது வேற.

பரிதி, தண்ணி குடிக்கிறியா எய்யா? மெதுவா. மடக் மடக்குன்னு குடிக்காத.

இவ்வளவும் சொல்லிட்டு அந்த ஃபைனலைச் சொல்லாம விட்டா நீங்க என்னைத் தப்பா நினைச்சுக்குவீங்க. போன வருஷம் சந்தியாகப்பர் திருவிழா, இதே மைதானம், இதே மாதிரி மூணரை மணி வெயில். எங்க ஊருக்கும் வடக்கூருக்கும். எங்க ஊர் கோப்பையைப் பார்த்துப் பதினெட்டு வருஷம் ஆச்சு, டெல்வின் போட்ட அந்தக் கோலுக்குப் பிறகு கிடையாது. ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னும் பத்து நிமிஷம். பந்து மேலே வந்தது. ரெனிஷாவும் வடக்கூர்ப் பையனும் சேர்ந்து எழும்பினாங்க. ரெண்டு தேங்காயை மோதின மாதிரி ஒரு சத்தம். வடக்கூர்ப் பையனை அவங்க ஊர் வாத்தியார் அப்பவே வெளியே எடுத்துட்டார். அவர் நல்ல மனுஷன்.

நான் ஓடினேன். ஓடும்போதே என் கை எண்ணெய்க் குப்பியைத் திறந்திருச்சு. நான் திறக்கலை, கை திறந்தது. பிள்ளை எழுந்து உக்காந்து, "எனக்கு ஒண்ணுமில்லை ஆத்தே," அப்படிங்கிறா. நெத்திக்கு நேரே குப்பியைக் கொண்டு போயிட்டேன். அப்ப அந்தப் பலகை கண்ணுல வந்தது. என்ன செய்ய, கோவில் எண்ணெய், திறந்துட்டா பூசாம மூடக் கூடாது. என் நெத்தியிலேயே பூசிக்கிட்டேன். கண்ணுக்குள்ள இறங்கிருச்சு. எரிஞ்சதே தம்பி. பதினெட்டு வருஷம் கழிச்சு எனக்குத் தெரிஞ்சது அது எப்படி எரியும்னு.

கூட்டிட்டு வந்து இந்தப் பூவரசுக்குக் கீழேதான் உக்கார வச்சேன். டீச்சர் சொல்லித் தந்த கேள்விகளைக் கேட்டேன். இது எந்த மைதானம், எத்தனை கோல், கடைசி கோல் யாரு போட்டா. டக் டக்குன்னு பதில் சொல்லுறா. திரும்பிப் பார்த்தா எனக்குப் பின்னால நாலு பிள்ளைக நின்னு வாயை அசைச்சு, விரலைக் காட்டிச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்காங்க. பரீட்சைக்குப் பழகின பிள்ளைக பாருங்க.

"எல்லாம் சரியாச் சொல்லிட்டாள்ல, உள்ளே அனுப்புங்க யக்கா," அப்படின்னு ரெமிஜியூஸ் வந்து நிக்கிறார்.

நான் வேற கேள்வி கேட்டேன். "இன்னைக்குப் பூசையில முதல் வாசகம் என்ன மக்கா?"

பிள்ளை முழிச்சுது.

"அது எனக்கே தெரியாதே யக்கா," அப்படின்னார் ரெமிஜியூஸ். அதுவும் நியாயம்தான். அவர் பூசைக்கே பாதியிலதான் வந்தார்.

"சரி, காலையில என்ன சாப்பிட்ட?"

"புட்டு," அப்படின்னா ரெனிஷா. "எங்கம்மா அவிச்ச புட்டும் பழமும்."

அவ சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவா யாராலும் சொல்ல முடியாது. ஆனா அன்னைக்குக் காலையில எல்லாப் பிள்ளைகளுக்கும் வலைக்கூடத்துல வச்சு இட்லி போட்டோம். நான்தான் பரிமாறினேன். ரெனிஷா அஞ்சு இட்லி சாப்பிட்டா, ஆறாவதைக் கேட்டா, ஓட முடியாது வேண்டாம்னு நான்தான் தடுத்தேன்.

நான் உக்காந்து அவ இடது கால் பூட்ஸைக் கழட்டிப் பைக்குள்ள வச்சேன்.

இது பயிற்சியில சொல்லித் தந்தது இல்லை. என் மூணு பிள்ளைகளும் காய்ச்சல்ல கிடந்தாலும் தெருவுக்கு ஓடுற ரகம். ஒரு செருப்பை எடுத்துப் பீரோ மேல போட்டிருவேன். ரெண்டையும் எடுத்தா வெறுங்காலோட ஓடிருவாங்க. ஒத்தைச் செருப்பு கால்ல இருந்தா, மத்ததைத் தேடிக்கிட்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பாங்க. பூட்ஸ் இல்லாம உள்ளே வரக் கூடாதுன்னு ரெஃப்ரி வேற சட்டம் வச்சிருக்காரா, எனக்குச் சௌகரியமாப் போச்சு.

"யக்கா, வெளையாடாதிய," அப்படின்னார் ரெமிஜியூஸ். "இன்னும் எட்டு நிமிசந்தான் கெடக்கு. ஊரு பூரா பாத்துக்கிட்டிருக்கு."

"பார்க்கட்டும் தம்பி."

"எம் பிள்ளை. நான் பெத்தது."

"நீ பெத்ததை யாரு இல்லைன்னா. உக்காரு, ஐஸைப் பிடி."

மாத்து ஆளா உக்காந்திருந்த பையன்கிட்ட இருந்து ஒரு பூட்ஸைக் கழட்டிக்கிட்டு வந்தார். அதையும் வாங்கிப் பைக்குள்ள வச்சேன். இன்னொரு பிள்ளையோடதைக் கொண்டு வந்தாங்க. அதையும் வச்சேன். மூணு இடது கால் பூட்ஸ், ஒரு செபமாலை, ஒரு எண்ணெய்க் குப்பி. பையை எனக்குக் கீழே வச்சு அதுமேல உக்காந்துக்கிட்டேன். பிடிவாதம்னு இல்லை. தரையில ஈரம், அதனால.

கூட்டம் சேர்ந்திருச்சு. என்னென்னவோ சொன்னாங்க. தன் மகன் போட்ட கோலோட ஊர்க் கோப்பை நிக்கணும்னு இவளுக்கு ஆசைன்னு ஒருத்தி சொன்னா. பேர் சொல்ல மாட்டேன். மூணாவது வீட்டுக்காரி, பச்சைக் கேட்டு போட்ட வீடு. டீச்சருக்குப் போன் போட்டோம், போகலை. அப்பதான் சாமியாரைக் கூட்டிட்டு வந்தாங்க.

சாமியார் பிள்ளையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ரெமிஜியூஸ் முகத்தைப் பார்த்தார். அவரும் மனுஷன்தானே. என்கிட்ட குனிஞ்சு, "இஞ்ஞாசி, பிள்ளை நல்லாத்தானே பேசுது. அஞ்சு நிமிஷம்தானே," அப்படின்னார்.

தம்பி, நான் ஞானஸ்நானம் வாங்கின நாள்ல இருந்து ஒரு சாமியார் சொல்லுக்கு இல்லைன்னு சொன்னதில்லை. என் கல்யாணத்தையே ஒரு சாமியார் சொல்லித்தான் பண்ணிக்கிட்டேன். கண்ணுல எண்ணெய் வேற. நான் அழுறேன்னு எல்லாரும் நினைச்சாங்க.

"சாமி, நீங்கதானே பீடத்துல நின்னு என்னைப் படிக்கச் சொன்னீங்க," அப்படின்னேன். "படிச்சுட்டேன்."

அவர் நிமிர்ந்து நின்னு கடலைப் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்துல மணல்ல உக்காந்துட்டார், வெள்ளை அங்கியோட. அதுக்குப் பிறகு யாரும் பூட்ஸ் கேக்கலை.

ஆட்டத்துல தோத்துப் போனோம். ரெண்டுக்கு ஒண்ணு. ரெனிஷா அழுதா, அவங்கப்பா அழுதார், மூணாவது வீட்டுக்காரி எல்லாரையும் விடச் சத்தமா அழுதா.

அன்னைக்குச் சாயந்தரம் சப்பரம் கிளம்புறதுக்கு முன்னால ரெனிஷா வாந்தி எடுத்தா. ஒரு தடவை இல்லை, மூணு தடவை. டவுனுக்குக் கொண்டு போனாங்க. தலையைப் படம் எடுத்து, ரெண்டு நாள் வச்சுப் பார்த்து, ரத்தக்கசிவு ஒண்ணும் இல்லைன்னு அனுப்பினாங்க. மூணு வாரம் பள்ளிக்கூடம் போகலை, மூணு மாசம் பந்தைத் தொடலை. அங்க டாக்டர் ரெமிஜியூஸைக் கேட்டாராம், அடிபட்ட பிறகு ஆடினாளான்னு. இல்லைன்னாராம். நல்லவேளைன்னாராம் டாக்டர். இதை ரெமிஜியூஸ் என்கிட்ட சொல்லலை, அவர் பெண்சாதி சொன்னா. அவர் என்கூடக் கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசவே இல்லை. கோவில்ல சமாதானம் சொல்லுற நேரத்துல எல்லாருக்கும் கையைக் கூப்புவார், என் பக்கம் வரும்போது மட்டும் தூணைப் பார்த்துக் கூப்புவார். நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கலை. எத்தனை ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் எண்ணினேன். இருபத்திரெண்டு.

சாமியாரை எதிர்த்துப் பேசினதை அடுத்த சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். உள்ளே இருந்தது அதே சாமியார்தான். "பரிகாரமா அடுத்த வருஷமும் அதே இடத்துல உக்காரு," அப்படின்னார். அதனாலதான் உக்காந்திருக்கேன். இல்லைன்னா எனக்கு வீட்டுல வேலை கிடக்கு.

இந்த வருஷம் ஈஸ்டர் கழிஞ்சு டீச்சர் திரும்ப வந்தாங்க. வலைக்கூடத்துல முதல் வரிசையில ஒருத்தர் உக்காந்திருந்தார், புது நோட்டு, ரெண்டு கலர் பேனா. ரெமிஜியூஸ்தான். "டீச்சர், காலையில என்ன சாப்பிட்டன்னும் கேக்கணும், அதையும் எழுதிப் போடுங்க," அப்படின்னார். அவர் கண்டுபிடிச்சது மாதிரியே சொன்னார்.

அந்தா கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நீலச் சட்டை போட்டு நிக்கிறாரே, உங்க பரிதி விழுந்ததும் முதல்ல விசில் ஊதினது அவர்தான். நீங்க பூட்ஸைக் கேட்டுச் சண்டை போட்டப்ப, "அந்த அக்காகிட்ட போய்ப் பேசிப் பாருங்க," அப்படின்னு உங்களை இங்க அனுப்பினாரே. அனுப்பிட்டுச் சிரிச்சார், நான் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் சட்டையில ஓடுதே, ஜடையை மடிச்சுக் கட்டின பிள்ளை, அவதான் ரெனிஷா. உங்க பையனோட மோதினவ இல்லை, அது வேற பையன். அவனையும் வெளியே எடுத்தாச்சு, அங்க சாமியார் பக்கத்துல உக்காந்திருக்கான்.

விசில் ஊதியாச்சு. நீளமா ஊதினா முடிஞ்சதுன்னு அர்த்தம். யாரு ஜெயிச்சான்னு நான் பார்க்கலை, உங்ககிட்ட பேசிக்கிட்டிருந்துட்டேன்.

இந்தாங்க பூட்ஸ். லேஸை அவிழ்க்கலை, அப்படியே இருக்கு. பரிதி, எய்யா, காலையில என்ன சாப்பிட்ட? ம்? தோசையா. தம்பி, தோசைதானா? நீங்களே கொடுத்ததா? நல்லது. தேங்காய்ச் சட்னியும் சொல்லுறான், கேட்டீங்களா.

வண்டியில பின்னால உக்கார வைக்க வேண்டாம், ஆட்டோ பிடிங்க. சிஸ்டரம்மா சீட்டைப் பத்திரமா வச்சுக்கிடுங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க தம்பி. இன்னைக்கு வீட்டுல சாப்பிட உக்காரும்போது, யாரு ஜெயிச்சான்னு அவன் கேட்டா, சிரிக்காதீங்க. சோத்தை அப்படியே வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.